ஆடிக்கும் சஷ்டிக்கும் நடுவில்

என் அண்ணன் பஸ் டிரைவர். மலாக்கா டவுனிலிருந்து கிளேபாங் போய்த் திரும்பும் பஸ்ஸை ஓட்டினார். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. காஜா பேராங்கில் ஒரே சடக்கின் அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது குடித்ததில்லை. டிப்போவில் பஸ்ஸை விட்டதும் கள்ளுக்கடைக்குப் போவார். அது மூடியதும் சம்சுச் சாராயம் விற்கிற வீட்டுக்குப் போவார். சண்டை போடமாட்டார். அண்ணியை அடித்ததில்லை. சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, பாக்கியில்தான் குடிப்பார். அதனாலேயே அவரைக் கண்டிக்க யாருக்கும் ஒரு பிடி கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் அவருக்கு வயிறு வீங்கியது. கண் வெள்ளை மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் என்னையும் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இனிமேல் ஒரு சொட்டும் கூடாது. விட்டீரெண்டா இருப்பீர். குடிச்சீரெண்டா ஈரல் தாங்காது. அதுக்குப் பிறகு என்னட்டக் கொண்டு வந்தும் பிரயோசனம் இல்ல."

அண்ணன் தலையாட்டினார். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னார், "நல்ல மனுசன். கோவமே படல பாரு."

விடுவதற்கு நான் வழி செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான் ஒழுங்காக வாழ்கிறவன். ஒரே நேரத்துக்கு எழுவேன், குளிப்பேன், முந்தைய நாளைப் பற்றி அரைப்பக்கம் எழுதுவேன், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவேன். வெற்றிலைப் புகையிலை போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. பல் டாக்டர் வேண்டாம் என்றார், அன்றே விட்டேன். ஆகவே பழக்கம் என்பது முடிவெடுப்பதில் இருக்கிறது என்று எனக்குத் தீர்மானமான எண்ணம் இருந்தது. அதை அண்ணனிடம் சொன்னேன்.

"ஒனக்கு விடணும்னு ஆசையா இருந்துச்சு, விட்ட," என்றார். "எனக்கு அந்த ஆசையே வர மாட்டேங்குதுடா. பயம்தான் வருது. பயம் வந்தா தொண்ட காயுது."

நான் அவருக்கு ஒரு கால அட்டவணை எழுதினேன். விடியலில் நடை, பிறகு குளியல், பசியாறல், வேலை, வேலை முடிந்ததும் நேராக வீடு, பார்லித் தண்ணீர், பேப்பர் படித்தல், சாப்பாடு, தூக்கம். நல்ல எழுத்தில் எழுதி, அவர் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"வேல முடிஞ்சு பார்லித் தண்ணி குடிக்கிறேன். குடிச்சிட்டு என்னடா பண்ணணும், வருத்தப்படணுமா? அத எழுதலயே."

அண்ணி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அட்டவணையைக் கிழிக்கவில்லை. சொன்னபடி விடியலில் எழுந்து என்னோடு புக்கிட் பாரு பக்கம் நடந்தார். வழியில் ஒவ்வொரு வீட்டு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், பார்லித் தண்ணீர் குடித்தார், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சடக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முயன்றார். இதை நான் உறுதியாகச் சொல்வேன், நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ் குலுங்கும்போது பயணிகள் முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பது போல.

ஒரு விடியலில் நான் போய் வாசலில் நின்றேன். அண்ணி கதவை முழுவதும் திறக்காமல், "தூங்குறாரு தம்பி," என்றாள். வாடை கதவு வழியாக வந்தது. நான் மட்டும் நடந்துவிட்டு வந்தேன்.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி விழுந்தார். அவர் விழும் ஒவ்வொரு முறையும் நான் அட்டவணையில் ஏதாவது திருத்தினேன். பார்லித் தண்ணீருக்குப் பதில் இளநீர் என்று எழுதினேன். பேப்பர் படிப்பதற்குப் பதில் கோழிக்கூடு கட்டுதல் என்று எழுதினேன். கோழிக்கூடு அழகாக வந்தது. அதைக் கட்டி முடித்த அன்று குடித்தார்.

நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தவள் அண்ணி.

அவள் ஒரு நாள் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நின்று என் மனைவியிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள். "ஆடித் திருவிழாவுக்கு வருசா வருசம் காப்புக் கட்டுறாருல்ல. அந்த நாள்ல இவருக்கு வாய் நமநமன்னு இருக்குறதே இல்ல. மேசையப் புடிச்சிக்கிட்டு உக்கார மாட்டாரு. பாட்டுக்கூடப் பாடுவாரு. நீங்க கவனிச்சதில்லயா தம்பி?"

கவனித்ததில்லை. எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவில் கொடி ஏறும் நாளன்று, நேர்ந்துகொண்டவர்களுக்குப் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டுவார். நூலில் ஒரு சிறு மஞ்சள் கிழங்கு கோத்திருக்கும். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவர் மீன், இறைச்சி, குடி எதுவும் தொடக்கூடாது. பாயில்லாமல் தரையில் படுக்க வேண்டும், மனைவியைவிட்டுத் தள்ளி. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. இரவு வெளியூரில் தங்கக்கூடாது. திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு நாளில் பூசாரியே அந்த நூலை அறுத்து வாங்கிக்கொள்வார். அண்ணன் சிறு வயது முதல் கட்டிக்கொள்கிறவர். கட்டியிருக்கும் வரை அவர் வேறு மனிதர் என்று எங்கள் கம்பத்து ஜனங்களுக்கே தெரியும். அறுத்த அன்று சாயங்காலம் எங்கே இருப்பார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அண்ணனிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். "அது என்னமோ தெரியல. நான் விட்டுட்டேன்னு எனக்கு நானே சொன்னா நிக்கல. கையில நூல் இருந்தா, அந்தப் பேச்சே மண்டைக்குள்ள வரமாட்டேங்குது. கடைக்கு முன்னாடியே பஸ்ஸ நிறுத்தி ஆள் ஏத்துறேன். ஏதோ மளிகக் கட மாதிரி இருக்கு."

அதன்பிறகு நான் அட்டவணையை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். ஊரில் எந்தக் கோவிலில் எப்போது காப்புக் கட்டுகிறார்கள் என்று விசாரித்தேன். ஐப்பசியில் தீபாவளி கழிந்ததும் கந்த சஷ்டி. தையில் பூசம். அதன்பின் மாசி மகம். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் போய்க் கை நீட்டினார். பூசத்தில் பால்குடம் எடுத்தார். மாசி மகத்தில் சந்நியாசிமலைக்குப் போனார். இடைவெளிகளில் குடித்தார். ஆனால் இடைவெளிகள் குறுகின. கண்ணில் மஞ்சள் இறங்கியது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏதோ செய்யிறீர். அதையே செய்யும்," என்றார்.

பஸ் டிப்போவில் அவரைச் சும்மா விடவில்லை. காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. கிளேபாங் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு கண்டக்டர் கிளப்பிவிட்டான்.

"பஸ்ஸுதான்டா தாண்டுது," என்றார் அண்ணன். "நான் சீட்டுல உக்காந்த எடத்துலதான இருக்கேன்."

"அப்ப எங்களுக்கு டிக்கெட்டு எதுக்குண்ணே? நாங்களும் உக்காந்த எடத்துலதான இருக்கோம்னு ஏறுறவன்லாம் சொல்றான்."

விஷயம் பூசாரிவரை போனது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டால் எல்லை தாண்டியதாகாது என்று அவர் சொன்னதும்தான் அண்ணன் நிம்மதியாக ஓட்டினார். கேலியை ரசித்தாலும், எல்லை விஷயத்தை அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசிக்கும் ஆடிக்கும் நடுவே பெரிய பள்ளம் கிடந்தது. அதை நிரப்பியவர் எங்கள் பின்வீட்டுச் செட்டி அம்மா. மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே விபூதி இட்டு, நம் சாமிகளையே கும்பிடுகிறவர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே கலந்தவர்கள். பேசுவது மலாய்தான், நடுவில் சில தமிழ்ச் சொற்கள் வரும். அவர்களுக்குக் காஜா பேராங்கில் தனியாக மாரியம்மன் கோவில் உண்டு. சித்திரை முடிந்து அங்கே திருவிழா. அண்ணி போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சாரோங்கில் துடைத்தபடி கேட்டார்.

"போலே, போலே," என்றார். கட்டலாம் என்று அர்த்தம். பிறகு அண்ணன் இருக்கும் திசையைப் பார்த்து, "தாப்பி ஜாங்ஙான் மாயின்-மாயின்," என்றார். ஆனால் விளையாட்டுக் காட்டக்கூடாது.

"அவரு விளையாட மாட்டாருங்க," என்றாள் அண்ணி தமிழில். அந்த அம்மாவுக்கு அது புரிந்தது.

இப்படித்தான் சுதந்திர வருடத்தின் ஆடிக்கு வந்து சேர்ந்தோம். அண்ணனின் முகம் தெளிந்திருந்தது. ஆனால் பஞ்சாங்கத்தை வைத்திருந்தவன் நான். ஆடித் திருவிழா முடிந்தால் சஷ்டி வரைக்கும் எந்தக் கோவிலிலும் காப்பு இல்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளி வரை வெறும் தாள். நடுவில் சுதந்திரக் கொண்டாட்டம் வேறு. ஊர் முழுக்க யாராவது யாருக்காவது ஊற்றிக்கொடுக்கப் போகிறார்கள். அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

மஞ்சள் நீராட்டு நாளில் காப்புக் கட்டியவர்கள் வரிசையாக நின்றார்கள். பூசாரி ஒவ்வொரு கையாகப் பிடித்து நூலை அறுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் முறை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கைய நீட்டுங்க."

"எனக்கு வேணாம் சாமி. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

"அவுக்க வேணாம்னு சொல்றேன். சஷ்டிக்கு மொத்தமா அவுத்துக்கலாம்."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் படித்தவன், ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"கட்டுனது திருவிழாவுக்கு," என்றார் பூசாரி. "திருவிழா முடிஞ்சிருச்சு. இனிமே இது வெறும் நூலுதான்."

"வெறும் நூலுன்னா இருந்துட்டுப் போகட்டுமே."

"அப்புடியும் சொல்ல முடியாதுங்க. அவுக்காம போனா வெரதம் முடியலன்னு ஆயிரும். முடியாத வெரதத்துல நீங்க ஒரு மீனு தின்னாலும் அது ஒங்க தலையில, கட்டுன என் தலையில."

"திங்க மாட்டேன்."

"சஷ்டி எப்ப வருதுன்னு தெரியும்ல?"

"என் தம்பிக்குத் தெரியும்," என்றார் அண்ணன்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு கிழவர், சாமியைக் கட்டிப்போட்டு வைப்பதா என்றார். பூசாரி அண்ணனைத் தாண்டி அடுத்த கையைப் பிடித்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் மீன் இல்லை. அண்ணன் கேட்கவில்லை, அண்ணியே நிறுத்தினாள். கடலோர ஊரில் மீன் இல்லாத அடுப்பு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீடுகளில் இறால் பெலாச்சான் சுடும் வாசனை வரும்போது அண்ணன் எழுந்து போய்க் கோழிகளுக்குத் தவிடு போடுவார். சிமெண்டுத் தரையில் படுத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஏறும்போது ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஏறினார். குடிக்கவில்லை.

சுதந்திர நாள் நெருங்கியபோது பஸ்களுக்குக் கொடி கட்டினார்கள். டவுனில் விளக்குத் தோரணம். சுதந்திரத் தேதியை முதலில் சொன்னதே எங்கள் ஊர்த் திடலில்தான் என்ற பெருமை எல்லாரிடமும் இருந்தது. நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்த மதியம், டிப்போவில் டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனோடு குடிக்கிற பழைய கூட்டாளி ஒருவர், அவரும் டிரைவர்தான், அண்ணனின் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"நாடே கயித்த அறுத்துக்கிட்டு வெளிய வருது. மெர்டேக்கா, மெர்டேக்கான்னு கத்துறான். நீ மட்டும் ஏன்யா கட்டிக்கிட்டுத் திரியிற?"

"நாட்டுக்கு வெள்ளக்காரன் அவுத்து வுடுறான். போற எடம் அதுக்குத் தெரியும்," என்றார் அண்ணன். "எனக்கு அவுத்து வுட்டா நான் எங்க போவேன்? ஒன்கூடத்தான் வருவேன்."

"வாயேன். நான் என்ன கசக்குறேனா?"

"இல்ல மச்சான். அதான் பயமா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டாளியும் சிரித்தார். புரட்டாசி பிறந்ததும் அவர் இறந்துபோனார். அவருக்கும் ஈரல்தான். சாவு வீடு எங்கள் சடக்கின் கோடியில் இருந்தது. அண்ணன் போகவில்லை. காப்போடு போகக்கூடாது. பாடை எங்கள் வழியாக வந்தபோது அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டிப்போவில் அதன்பிறகு பலர் அவரிடம் பேசவில்லை. கூடக் குடிக்கும்போது மட்டும் மச்சான், தூக்கும்போது ஆள் இல்லை என்றார்கள். அண்ணன் தன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். "ஒரு தோள் குடுத்திருக்கணும்டா."

நூலைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். காப்பு நூல் நான்கைந்து இழை பருத்தி. பத்து நாள், பதினைந்து நாளுக்குத் தாங்க வேண்டியது. அண்ணன் தினமும் குளித்தார், பஸ்ஸின் கனத்த ஸ்டியரிங்கைத் திருப்பினார், வியர்த்தார். மஞ்சள் நிறம் போய் நூல் பழுப்பானது. கிழங்கு சுருங்கி மிளகளவு ஆனது. பிறகு இழைகள் ஒவ்வொன்றாகப் பஞ்சு பஞ்சாகத் தெறித்தன. நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துப் பேசினோம். அவர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிடுவதுபோல, எல்லா வேலையையும் வலது கையாலேயே செய்யப் பார்த்தார். பஸ்ஸை ஒரு கையால் ஓட்ட முடியாது.

நான் நல்ல முறுக்கு நூல் வாங்கி, மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பழைய நூல் மேலேயே இதையும் சுற்றி முடிச்சுப் போட்டுவிடலாம், அது அறுந்தாலும் விழாது என்று சொன்னேன். சிந்தித்துச் செய்த ஏற்பாடு. அண்ணன் அந்த நூலை வாங்கி இழுத்துப் பார்த்தார்.

"நல்ல நூலுதான். ஆனா இது நீ கட்டுறது."

"பழையது அப்படியேதான் இருக்கும்ணே. இது சும்மா ஒரு பிடிமானம்."

"அது தெரியும். ஆனா எனக்கு எது எதத் தாங்குதுன்னு அப்பறம் தெரியாம போயிரும்." நூலைச் சுருட்டி என் சட்டைப் பையிலேயே வைத்தார். "வச்சிக்க. கோவப்படாத."

கோபப்படவில்லை. திருத்த முடியாத ஓர் அட்டவணையைக் கையில் வைத்திருப்பது போல இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் சடக்கைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று இடது கையை நீட்டினார்.

"இல்லடா," என்றார்.

மணிக்கட்டில் ஒரு வெளுத்த வளையம் மட்டும் இருந்தது.

எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் குளிக்கும்போது இருந்தது என்றார். பிறகு, இருந்ததா என்று சந்தேகமாகச் சொன்னார். குளியலறைக் கால்வாயைப் பார்த்தோம். நான் முழங்காலிட்டுச் சாக்கடை மண்ணைக் குச்சியால் கிளறினேன். கோழிக்கூட்டுக்குள் பார்த்தோம். அண்ணி அரிசி முறத்தைப் பார்த்தாள். டிப்போவுக்குப் போய் அவர் முந்தைய நாள் ஓட்டிய பஸ்ஸில் டிரைவர் சீட்டின் அடியில் பார்த்தோம். பஸ் பெருக்கி இருந்தது. பெருக்கிய குப்பை எங்கே என்று கேட்டேன். காவல்காரர், எரித்துவிட்டேன், எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். நூல் என்றேன். எந்த நூல் என்றார். கிடைத்திருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று இப்போது யோசிக்கிறேன். அறுந்த நூலை மறுபடி கட்ட முடியாது. ஆனாலும் இருட்டும் வரைக்கும் தேடினோம்.

பூசாரியிடம் போனோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"தானா அறுந்து விழுந்தா அம்மாவே அவுத்துக்கிட்டான்னு அர்த்தம். இதுல குத்தமில்லங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"இன்னொண்ணு கட்டிவுடுங்க," என்றார் அண்ணன்.

"கொடி ஏறாம எப்புடிங்க கட்டுறது? சஷ்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான. ஒரு வாரம். பொறுத்துக்க முடியாதா?"

பூசாரி ஆறுதலாகத்தான் கேட்டார். விரதத்தில் இத்தனை நாள் நின்ற மனிதனுக்கு ஒரு வாரம் என்ன பெரிது என்று யாருக்கும் தோன்றும். எனக்கே தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அண்ணன் நின்றார். "அந்த நூல வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். எங்கள் வீட்டு விளக்கடியில் உட்கார வைத்துக் கட்டினேன். என் மனைவி மஞ்சள் கிழங்கு கொண்டு வந்தாள். ஒரே அளவாக மூன்று முடிச்சுப் போட்டேன். வாய்க்குள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு எந்த மந்திரமும் தெரியாது. அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டியா இருக்கு," என்றார். பூசாரி கட்டியதை விட என் கட்டு உறுதியானது. அதில் சந்தேகமில்லை.

மறுநாள் வேலை முடிந்து நான் சைக்கிளை நிறுத்தியபோது அண்ணி எங்கள் வாசலில் காத்திருந்தாள். கையை விரித்தாள். உள்ளங்கையில் என் நூல் இருந்தது. அறுக்கவில்லை. மூன்று முடிச்சையும் பொறுமையாக அவிழ்த்திருந்தார்.

"சாமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டுத்தான் போனாரு," என்றாள். "கட்டிக்கிட்டே போறதுக்கு மனசு வரலயாம். தம்பி கட்டுனதுன்னு சொன்னாரு."

நான் அப்படியே சைக்கிளைத் திருப்பிக் கள்ளுக்கடைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வேலியோரம் நின்றேன். பெஞ்சுகளில் நிறையப் பேர். அண்ணன் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வெறியோ அவமானமோ இல்லை. இடுப்பு வலி இல்லாமல் ஒழுங்காகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேலியருகே வந்தார்.

"ஆபீஸ்லேர்ந்து நேரா வர்றியா? பசியாறினியா?"

"இல்லண்ணே."

"போய்ச் சாப்புடு. இங்க நிக்காத. தெரிஞ்சவங்க பாத்தா ஒன்ன என்னமோ நெனப்பாங்க."

"வாங்கண்ணே, போவோம்."

"வர்றேன்," என்றார். "நீ போ. நான் வர்றேன்." என் சட்டைக் காலர் மடிந்திருந்ததை நேராக்கிவிட்டார். பிறகு பெஞ்சுக்குத் திரும்பிப் போனார். அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். என்னை விடப் பெரியவர், கனமானவர், ஆனால் இழுத்திருந்தால் வந்திருப்பார். என்னோடு வீடு வரைக்கும் வந்திருப்பார். அதன்பிறகு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடை மூடும் வரைக்கும் வேலியோரம் நின்றேன். அவர் வெளியே வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் பின்னால் நடந்தேன். சம்சு வீட்டுச் சந்து வந்ததும் அவர் அதற்குள் திரும்பினார். நான் முனையிலேயே நின்றேன்.

அந்த வாரம் முழுவதும், தீபாவளியன்றும், இப்படியே போனது. அவர் கால் வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார்.

சஷ்டிக்கு அதே கோவிலில் முருகன் சந்நிதியில் காப்புக் கட்டினார்கள். அண்ணன் விடியலிலேயே குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றார். பூசாரி அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கட்டினார். அத்தோடு குடி நின்றது. யாரோ ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடியது போல நின்றது. அந்த ஆறு நாளும் அண்ணன் பஸ் ஓட்டினார், பாடினார், என்னோடு விடியலில் மெதுவாக நடந்தார். கால் வீக்கம்கூடச் சற்று வடிந்தது. என் மனைவி, பாருங்கள், பாருங்கள் என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்தது தைப்பூசம். நடுவில் கார்த்திகையும் மார்கழியும் கிடந்தன.

திருக்கல்யாணம் முடிந்து காப்பு அவிழ்க்கும் நேரம் வந்தது. நான் அண்ணனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். பூசாரி வரிசையில் அவரிடம் வந்ததும் தட்டைத் தாழ்த்திக்கொண்டு தயங்கினார். கேட்டால் விட்டுவிடுவார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. எனக்கும் அண்ணன் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. மீன் இல்லாமல் இருக்கட்டும், தரையில் படுக்கட்டும், எவன் சாவுக்கும் போகாமல் இருக்கட்டும்.

"என்னங்க," என்றார் பூசாரி மெல்ல. "இருக்கட்டுமா?"

அண்ணன் ஒரு நொடி நூலைப் பார்த்தார்.

"வேணாம் சாமி. அறுந்து விழுறதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.